தேனைத் துறந்த நாம் தேனீக்குத் தருவது என்ன?



கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் இன்றியமையாதது என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். சித்த மருத்துவர் சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணுமாறு பணித்தால், “தேன் வேண்டாம் ஐயா, வெல்லப்பாகில் குழைத்து உண்ணலாமா?” என்று கேட்டுவரும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் தம் குஞ்சுகளுக்கென்று சேர்த்து வைத்ததைப் பறித்து உண்ணலாகாது என்னும் இரக்கமே இவ்விலக்கிற்கு அடிப்படையாகும்.

பறிக்காமை ஓர் அறம், அதில் ஐயமில்லை. ஆயினும், பறிக்காமையோடு தேனீக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுகின்றதா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதற்கு விடை தேடப் புகுந்தால், அது நம்மை நூல் நிலையத்திற்கு மட்டுமன்றி, சமையலறையின் பின்வாசலுக்கும், அங்கே நாள்தோறும் நிரம்பும் காய்கறிக் கழிவுக் கூடைக்கும் அழைத்துச் செல்கின்றது. கழிவுக் கூடைக்கும் தேனீக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். படிப்படியாகக் காண்போம்.

நாம் பட்டுள்ள கடன்

உலகின் முதன்மையான உணவுப் பயிர்கள் 115ஐ ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றுள் 87 பயிர்கள் காய்ப்பதற்கோ விதைப்பதற்கோ தேனீ முதலிய உயிர்களின் உதவியை ஓரளவேனும் நாடுகின்றன என்று 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நெல்லுக்கு இவ்வுதவி தேவையில்லை. நிலக்கடலையும் பெரும்பாலும் தானே கருவுறும் பயிர். எனவே, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் கடலையும் பயிரிட்டு வாழ்ந்த நம் முன்னோர்க்கு, தேனீயின் உதவி வயலில் அவ்வளவாகப் புலப்பட்டிராது. ஆனால், கொல்லைப்புறத்துப் பந்தலில் அது கண்கூடு.

பூசணி, பாகல், வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடலை ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கொடிகள். இவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவை அடைந்தாலன்றிக் காய் இல்லை. அம்மகரந்தமோ காற்றில் பறக்காத பிசுபிசுப்புடையது. பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அந்த ஒரு காலைப்பொழுதில் வண்டோ தேனீயோ வாராதொழிந்தால், பூவின் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சள் நிறமடைந்து வெம்பி உதிரும். பிஞ்சு உதிர்வதைக் கண்டு கொடிக்குக் கண்ணேறு பட்டதென்று வருந்துவோர் உண்டு. பல வேளைகளில் உண்மைக் காரணம், அன்று காலை விருந்தாளி வாராமையே. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. புடலை இரவில் மலர்வது. இவற்றிற்கு அந்துப்பூச்சிகள் பெரிதும் துணை செய்கின்றன.

இவ்விடத்தில் நம் சமூகத்தார் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளை நம்மில் நோன்புடையோர் உண்பதில்லை. உருளையும் வெங்காயமும் கருணையும் பருப்பதற்குத் தேனீ வேண்டியதில்லை. கிழங்கு தானே மண்ணில் திரளும். அவற்றை விலக்கியவர்கள் நம்பியிருப்பது கொடியிலும் செடியிலும் மரத்திலும் காய்ப்பவற்றையே. எனவே, உயிரிரக்கம் கருதி நாம் மேற்கொண்ட உணவு நோன்பே பிறரினும் மிகுதியாக நம்மைத் தேனீக்குக் கடன்பட்டவர்களாக்கியுள்ளது. தேனை நாம் துறந்தோம், தேனீயின் உழைப்பைத் துறக்கவில்லை, துறக்கவும் இயலாது.

புழுவும் தேனீயும்

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இயங்கும் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்து, எடுத்துக்காட்டாகப் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என வரிசைப்படுத்துகின்றார். புழு தொடுதலும் சுவைத்தலும் உடைய ஈரறிவுயிர். எறும்பு மோப்பமும் கூடிய மூவறிவுயிர். வண்டு பார்வையும் கூடிய நாலறிவுயிர். தொல்காப்பியரும் தும்பியை நாலறிவுயிராகவே கொள்கின்றார். பள்ளியில் இப்பாகுபாட்டை ஓர் ஏணியாக வரைந்து கற்பிப்பது எளிது. ஆனால், தோட்டத்தில் இவை ஒரு சங்கிலியாகவும் இயங்குகின்றன. கீழ்க்கண்ணி அறுந்தால் மேற்கண்ணியும் தளர்கின்றது.

சார்லசு டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் பூக்களையும் பூச்சிகளையும் பற்றிய நூல் ஒன்றை 1862இல் வெளியிட்டார். தம் வாழ்வின் இறுதியில், 1881இல், மண்புழுக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இலைச்சருகை உண்டு வளமான மண்ணாக்கி மேலே கொணரும் புழுவின் பணியைப் பல்லாண்டு நோக்கி அவர் எழுதியது அது. பூவைத் தேடி வரும் வண்டும், மண்ணைப் புரட்டும் புழுவும் ஒரே அறிஞரின் கவனத்தைக் கவர்ந்தது வெறும் தற்செயல் அன்று என்றே நாம் கருதுகின்றோம்.

சங்கிலி இயங்கும் முறை இதுதான். காய்கறித் தோல், வாடிய கீரை, உதிர்ந்த பூ, உலர்ந்த சருகு ஆகியவற்றைக் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களும், பூஞ்சணமும், புழுக்களும் சிதைத்து மக்கு உரமாக்குகின்றன. அவ்வுரம் மண்ணில் கலந்தால் மண் பொலபொலப்பாகி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரமும் ஊட்டமும் குன்றாத செடி நன்கு பூக்கும். நீர் வற்றி வாடிய செடியின் மலரில் தேன் சுரப்புக் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் கொல்லைச் செடிகள் பூவை நிறுத்தாதிருக்க இவ்வீரம் பேருதவி செய்கின்றது. துளசியும் முருங்கையும் கறிவேப்பிலையும் பூத்திருக்கும் வீட்டில் கொம்புத் தேனீயும் கொசுத் தேனீயும் காலை முழுதும் ரீங்கரிப்பதைக் கேட்கலாம்.

வேறொரு நேரடித் தொடர்பும் உண்டு. மஞ்சளும் கருப்புமாய்த் தேனீயைப் போலவே தோன்றி, பூவின்மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் ஒருவகை ஈக்களைப் பலர் கண்டிருப்பர். கொட்டாத இவ்வீக்களும் மகரந்தத்தைச் சுமப்பனவே. இவற்றுள் சில வகைகள், ஈரமாக மக்கும் பொருள்களில்தாம் புழுப்பருவத்தைக் கழிக்கின்றன. மக்கிய இலையில் வெண்புழுவாய் வளர்ந்து, பின்னர் மலரை நாடும் வண்டினங்களும் உள. ஆகவே, எருத்தொட்டி செடிக்கு உணவளிப்பதோடு, மலர் நாடும் உயிர்கள் சிலவற்றின் தொட்டிலாகவும் விளங்குகின்றது.

ஓர் ஐயம்

இங்கே நம் பெரியோர் சிலர் எழுப்பும் ஐயம் மதிக்கத்தக்கது. “ஈரப்பொருளைச் சேர்த்து வைத்தால் அதில் எண்ணற்ற உயிர்கள் தோன்றி மடியும். உணவுக்கே கால வரம்பு வகுத்து, அது கடந்தால் உயிர் தோன்றும் என்று விலக்கும் மரபு நம்முடையது. அப்படியிருக்க, அழுகும் பொருளை வேண்டுமென்றே குவித்து வைப்பது ஹிம்சைக்குக் களம் அமைப்பது ஆகாதா? தேனீக்கு நன்மை செய்வதாகச் சொல்லிப் புழுவுக்குத் தீங்கு செய்யலாமா?” என்பது அவர்தம் கேள்வி.

நாலறிவுயிருக்காக ஈரறிவுயிரைப் பலியிடலாம் என்று இதற்கு விடை கூறுவது நமக்கு உடன்பாடன்று. அவ்வாறு கணக்குப் பார்ப்பது வணிகமே தவிர அறம் ஆகாது. விடையை வேறிடத்தில் தேட வேண்டும்.

கழிவை வீட்டில் வைத்துக் கொள்ளாவிட்டால் அது எங்கே செல்கின்றது? நெகிழிப் பையில் கட்டித் தெருமுனையில் வைக்கப்படுகின்றது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பல தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டும், பைகள் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. உள்ளே இருக்கும் தோலின் மணத்திற்காகப் பசு அப்பையையும் சேர்த்து விழுங்குகின்றது. எஞ்சியது குப்பைமேட்டைச் சேர்ந்து, காற்றுப் புகாத ஆழத்தில் அழுகி, மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அவ்வாயு கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி, நாள்கணக்கில் புகைந்ததை நாம் அறிவோம். அத்தீயில் எத்தனை உயிர்கள் மாய்ந்தன என்று யாரால் எண்ண முடியும்?

அழுகும் பொருளில் உயிர்கள் தோன்றுதல் நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அவை எவ்விடத்தில், எந்நிலையில் தோன்றி வாழும் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. வாசலைக் கடந்ததும் கழிவு நம் கண்ணைவிட்டு மறைகின்றது. நம் வினையைவிட்டு மறைவதில்லை.

ஜீவானி காட்டும் வழி

நம் மரபில் இதற்கு அழகியதொரு முன்மாதிரி உள்ளது. நீரை வடிகட்டிய பின்னர், வடிதுணியில் தங்கிய சிற்றுயிர்களை நாம் உதறிக் கொன்றுவிடுவதில்லை. அத்துணியை நீரால் அலசி, அந்நீரை எக்கிணற்றில் முகந்தோமோ அக்கிணற்றிலேயே மெதுவாகச் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஜீவானி எனப்படும் இச்செயல், “எடுத்த இடத்தில் திருப்பி வை” என்னும் அறத்தைக் கற்பிக்கின்றது. காய்கறி மண்ணிலிருந்து வந்தது. அதன் தோலும் காம்பும் மண்ணுக்கே திரும்புதல் சமையலறையின் ஜீவானி அன்றோ?

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஐந்தாவது, கழிக்க வேண்டியவற்றை உயிர்களுக்கு ஊறு நேராத இடம் பார்த்துக் கழித்தல் பற்றியதாகும். உடல் கழிவைப் போக்குவது போன்ற எளிய செயலையும் நம் ஆசாரியர்கள் அறத்தின் எல்லைக்குள் கொணர்ந்தனர். உண்பதில் மட்டும் அறம் பார்த்து, கழிப்பதில் பாராமல் இருப்பது அரைகுறை ஒழுக்கமே என்பது இதன் உட்கிடை. இல்லறத்தார்க்கும் அநர்த்த தண்ட விரதம் உண்டு. பயனின்றி மண்ணை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடியைச் சிதைத்தல் ஆகியவற்றை அது விலக்குகின்றது. முற்றத்துச் சருகைக் கூட்டித் தீயிடுதல் அவ்வகையினதே. அச்சருகினுள் கூட்டுப்புழுவாய் உறங்கும் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துகளும் அத்தீயில் மாய்கின்றன.

ஹிம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது கவனமின்மை என்று சூத்திரகாரர் தெளிவுறுத்தியுள்ளார். எனவே, எருத்தொட்டி ஹிம்சையா, தயையா என்னும் வினாவிற்கு ஒரு சொல்லில் விடையில்லை. கவனமின்றி வைத்த தொட்டி ஹிம்சைக் களம். கவனத்தோடு வைத்த தொட்டி தயையின் களம். அக்கவனம் எத்தகையது என்பதை இனிக் காண்போம்.

கவனத்தோடு செய்யும் முறை

முதற்கண், கழிவைக் குறைத்தல் வேண்டும். அளவறிந்து சமைப்போர் வீட்டில் சோறும் குழம்பும் கழிவாகா. எண்ணெயும் உப்பும் ஊறுகாயும் தொட்டியில் இடலாகாது. அவை புழுக்களை வருத்தும். கொதிக்கும் வடிகஞ்சியை ஊற்றவே கூடாது.

இரண்டாவது, மண்ணை ஆழ அகழ வேண்டியதில்லை. பக்கங்களில் துளையிட்ட இரண்டு பழைய மண்தொட்டிகள் ஒரு சிறு குடும்பத்திற்குப் போதும். அடியில் சுள்ளிகளைப் பரப்பி, அன்றன்றைய தோலை அன்றன்றே இட்டு, ஒரு பங்கு தோலுக்கு இரு பங்கு உலர்ந்த சருகால் மூட வேண்டும். இவ்வாறு மூடினால் நாற்றமும் நசநசப்பும் இரா. ஈப்புழுக்கள் மொய்ப்பதும் பெரிதும் குறையும். ஒரு தொட்டி நிரம்பியதும் அதை மூன்று நான்கு திங்கள் அப்படியே விட்டுவிட்டு, மற்றதைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, மண்வெட்டியால் கொத்திக் கிளறுதல் கூடாது. சுள்ளியும் சருகும் துளைகளும் வேண்டிய காற்றைத் தரும். உரம் ஆனபின் அதைத் திறந்து வைத்தால், வெளிச்சத்தை விரும்பாத புழுக்கள் தாமே கீழிறங்கும். மேலடுக்கைக் கையால் எடுத்து, சற்றுப் பொறுத்து அடுத்த அடுக்கை எடுக்கலாம். ஒரு நாளில் முடிவது மூன்று நாளாகும். அந்த இரண்டு நாள் தாமதமே இங்கு அஹிம்சையின் விலை.

நான்காவது, ஆப்பிரிக்க மண்புழுக்களை விலைக்கு வாங்கி அடைத்து வளர்க்க வேண்டியதில்லை. நம் மண்ணின் புழுக்கள் தாமே வரும்; விரும்பும்போது தாமே செல்லும். அடைத்து வளர்த்தல் வேறு, வந்தவர்க்கு இடமளித்தல் வேறு.

தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குவியலில் முட்டையிடும் என்பதையும் மறைக்கலாகாது. தென்னை உள்ள வீட்டார் தொட்டியை வலைத்துணியால் மூடிவைப்பின், முட்டையிடும் வாய்ப்பே எழாது. வந்தபின் கொல்வதினும் வாராமல் காத்தல் நம் நெறிக்கு உகந்தது.

உரம் மட்டும் போதுமா?

உரமிட்ட செடியின்மீதே பூச்சிக்கொல்லியைத் தெளித்தால், விருந்துக்கு அழைத்து நஞ்சிடுவதை ஒக்கும். தேனீக்களுக்குக் கேடு விளைப்பன என்று கண்டு, மூன்று பூச்சிக்கொல்லிகளைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. அரசு தடுக்கும்வரை சிராவகர் காத்திருக்க வேண்டுமா?

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் இலை தின்னும் புழுவைக் கண்டால் நசுக்குவோர் உண்டு. அதுவே சில நாளில் வண்ணத்துப்பூச்சியாகி நம் குழந்தைகளை மகிழ்விப்பது. பூச்சியை நேசித்துப் புழுவை வெறுப்பது, பிள்ளையை விரும்பித் தொட்டிலை எரிப்பது போன்றது. அதற்கென ஒரு கிளையை விட்டுக்கொடுத்தால் குடி முழுகிவிடாது.

உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஏழு வகைகள் அடை கட்டாமல், மண்ணில் சிறு துளையிட்டுத் தனித்து வாழ்வன. முற்றம் முழுவதும் சிமெந்து பூசினாலும், தோட்டம் முழுவதும் உரத்தையும் சருகையும் தடித்துப் பரப்பினாலும் அவற்றிற்கு வீடு இல்லாமற் போகும். வெயில் படும் ஓரிடத்தில் இரண்டு முழ மண்ணையேனும் வெறுமனே விட்டுவைத்தல் வேண்டும். நன்மையிலும் அளவு உண்டு என்பதற்கு இது சான்று.

இரவில் மலரும் புடலைக்கு அந்துகள் வர வேண்டுமெனில், கொல்லை விளக்கை அணைத்து வைத்தல் நலம். விளக்கில் விழுந்து மடியும் பூச்சிகளைக் கருதியும் இரவுணவை விலக்கிய மரபினர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எஞ்சி நிற்பது

இத்தனை கவனத்திற்குப் பின்னும் ஓர் உயிரும் வருந்தாது என்று சொல்ல முடியுமா? முடியாது. இல்லறத்தில் இருக்கும்வரை, அடுப்பிலும் உரலிலும் துடைப்பத்திலும் நேரும் ஆரம்ப ஹிம்சை முற்றிலும் நீங்காது என்று நூல்களே கூறுகின்றன. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையை அறவே விலக்கி, ஏனையதை நாளும் குறைத்து, எஞ்சியதற்குப் பிரதிக்கிரமணத்தில் வருந்தி மன்னிப்பு வேண்டுதலே நமக்கு விதித்த வழி. எருத்தொட்டியும் இதற்கு விலக்கன்று. அதனால் பெருமிதம் கொள்ளவும் இடமில்லை. அதைக் கைவிடவும் காரணமில்லை.

முனிவர் ஆகாரம் ஏற்கும் முறைக்கு வண்டின் பெயரால் ‘பிராமரி’ என்று பெயர். மலர் வாடாமல் தேனை உண்ணும் வண்டு போல, இல்லத்தார்க்குச் சுமையாகாமல் உண்ண வேண்டும் என்பது அதன் பொருள். துறவியர்க்கே ஆசானாக வைத்துப் போற்றப்பட்ட அச்சிற்றுயிருக்கு இல்லறத்தாராகிய நாம் செய்யத்தக்கது யாது? அதன் தேனைப் பறிக்காமை முதற்படி. அதன் மலரை வாடாமல் காத்தல் அடுத்த படி. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதற்கே உள்ளன என்று சூத்திரகாரர் வகுத்த இலக்கணத்தில், பெறுதல் மட்டுமன்றித் தருதலும் அடங்கும்.

நம் இல்லங்களில் இளந்தலைமுறையினர் பலர் நகரத்து அடுக்கு வீடுகளில் வாழ்கின்றனர். அவர்க்குக் கொல்லை இல்லை. ஆயினும் மாடியிலோ சாளரத்தோரத்திலோ ஒரு துளசித் தொட்டி இருக்கும். காய்கறித் தோல் கூடையைக் குழந்தையின் கையில் கொடுத்து, “இதை எங்கே வைத்தால் யார்க்கும் துன்பம் இராது?” என்று கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் ஆண்டுதோறும் வலியுறுத்திய ஒன்று, வினாவைக் கொடுத்து விடையைக் குழந்தையே தேடச் செய்யுங்கள் என்பது. அவ்வினாவுக்கு விடை தேடும் குழந்தை ஐந்தாம் சமிதியின் பொருளைத் தானே கண்டுகொள்ளும்.

ஜீவதயை வளர்க! அறம் ஓங்குக!